தண்ணி ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கிறது? டிடிஎஸ் மட்டும் பாத்தா போதுமா?

போன சித்திரையில எங்க அத்தை வீட்டுக்கு, தண்ணி சுத்தம் பண்ற ஆர்ஓ மெஷின் விக்கிறவர் ஒருத்தர் வந்தாரு. அத்தை ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல இருக்குற ஒரு கிராமம். வந்தவர் ரெண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு, ஒண்ணுல வீட்டு அடிபம்பு தண்ணி, இன்னொண்ணுல அவர் கையோட கொண்டாந்த பாட்டில் தண்ணி ஊத்தி, ரெண்டுலயும் கம்பிய விட்டு கரண்டு குடுத்தாரு. ரெண்டே நிமிஷத்துல அடிபம்பு தண்ணி பழுப்பாயி மேல அழுக்கு நுரை கட்டிடுச்சு, அவர் தண்ணி அப்படியே தெளிவா நின்னுச்சு. "இதத்தாம்மா இத்தனை வருஷமா குடிச்சிட்டு இருக்கீங்க"ன்னு சொல்லிட்டு கார்டு குடுத்துட்டு போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி அத்தை எனக்கு போன் பண்ணி, "ஏண்டா தம்பி, இவ்வளவு நாளா புள்ளைங்களுக்கு விஷத்தையா குடுத்துருக்கேன்"னு அழுவாத குறையா கேட்டாங்க.

அந்தப் பழுப்பு தண்ணியில இருந்து வந்ததே இல்ல, கம்பியில இருந்து வந்தது. தண்ணியில உப்பு கரைஞ்சிருந்தா கரண்டு பாயும், கரண்டு பாஞ்சா இரும்புக் கம்பி கரைஞ்சு துரு மாதிரி தண்ணியில இறங்கும், அவ்வளவுதான். ஆர்ஓ தண்ணியில உப்பு ரொம்பக் கம்மி, அதனால கரண்டு சரியா பாயாது, கம்பியும் கரையாது. அவர் பாட்டில் தண்ணியில சமையல் உப்பு ஒரு சிட்டிகை போட்டு அதே கம்பிய விட்டிருந்தா அதுவும் பழுப்பாயிருக்கும். ஆனா அத்தை கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நாம குடிக்கிற தண்ணி நல்லதா கெட்டதான்னு எதை வெச்சு சொல்றது? யார் போட்ட அளவு அது, ஏன் அந்த அளவு? டெல்டாவுல நம்மாளுங்க நாக்க வெச்சு சொல்லுவோம், இப்போ கொஞ்ச வருஷமா, தண்ணியில மொத்தம் எவ்வளவு உப்புகள் கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர வெச்சு சொல்றோம். ரெண்டும் முக்கியமான விஷயத்த கோட்டை விட்டுடும்னு எனக்குப் பட்டதால இதை எழுதுறேன்.

மொதல்ல ரிப்போர்ட்ல வர்ற மில்லிகிராம் கணக்க பாத்துருவோம், அது புரியலைன்னா மத்தது எதுவும் புரியாது. வீட்டு மாடியில இருக்குற ஆயிரம் லிட்டர் டேங்க நினைச்சுக்குங்க. அதுல ஒரு கிராம் எதையாவது கரைச்சா அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அப்போ டிடிஎஸ் 500ன்னா அந்த டேங்க் முழுக்க அரை கிலோ உப்புகள் கரைஞ்சிருக்குன்னு அர்த்தம். நைட்ரேட் 45ன்னா 45 கிராம். ஆர்சனிக், ஈயம் மாதிரி ஆளுங்களுக்கு வரம்பு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கிற பெரிய ஊர் டேங்க்ல மொத்தமே ஒரு கிராம், கால் ஸ்பூன் கூட வராது. அவ்வளவு கொஞ்சத்த நாக்கு கண்டுபிடிக்காது, டிடிஎஸ் மீட்டரும் கண்டுபிடிக்காது, ஏன்னா அந்த மீட்டர் செய்யற ஒரே வேலை தண்ணியில கரண்டு எவ்வளவு பாயுதுன்னு பாத்து அதை உப்புக் கணக்கா மாத்திக் காட்டுறதுதான். தண்ணி முழுக்க காலரா கிருமி இருந்தாலும் மீட்டர் 250ன்னு அழகா காட்டும்.

நம்ம நாட்டுல இந்த வரம்புகள போட்டிருக்கிறது இந்திய தர நிர்ணய அமைவனம், ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குறாங்களே அவங்கதான். ஆவணத்துக்கு பேரு ஐஎஸ் 10500, இப்போ நடப்புல இருக்குறது 2012ல திருத்துனது. அதுல ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு கட்டம் இருக்கும். மொதல் கட்டத்துல ஏற்கத்தக்க அளவு. ரெண்டாவது கட்டத்துல அதை விட தாராளமான ஒரு அளவு, ஆனா அதுக்கு மேல ஒரு நிபந்தனை எழுதியிருப்பாங்க: வேற தண்ணி கிடைக்காத பட்சத்துல மட்டும். டிடிஎஸ்க்கு மொதல் கட்டம் 500, ரெண்டாவது 2000. கடினத்தன்மைக்கு 200, 600. உப்புல இருக்குற குளோரைடுக்கு 250, 1000. ஃபுளோரைடுக்கு 1, 1.5. நைட்ரேட்டுக்கு 45, ரெண்டாவது கட்டத்துல தளர்வே கிடையாதுன்னு இருக்கும். ஈயத்துக்கும் அப்படித்தான்.

இந்த நிபந்தனைய நம்ம பக்கத்துல யாரும் வாசிக்கிறதே இல்ல, அதுதான் எனக்கு ஆத்தாமை. "டிடிஎஸ் 1400தான், 2000க்குள்ளதான் இருக்கு, ஒண்ணும் பயமில்ல"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. ஊருக்குள்ள காவிரியோட கிளையான கொள்ளிடத்துத் தண்ணி லைன் வந்துருச்சுன்னா வேற தண்ணி கிடைக்குதுன்னுதானே அர்த்தம், அப்புறம் ரெண்டாவது கட்டத்த காட்டி சமாதானம் சொல்றது எப்படி சரியாகும்? கொள்ளிடத் தண்ணி வாரத்துல ரெண்டு நாள்தான் வருதுன்னா அதை சரி பண்ணணுமே தவிர அடிபம்பு தண்ணிக்கு சலுகை குடுக்கக் கூடாது.

சரி, இந்த எண்ணெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? எல்லா வரம்பும் ஒரே மாதிரி பிறக்கல, இதுதான் நான் சொல்ல வந்ததே. ஒரு எண்ணப் பாத்தா "இது தாண்டுனா எப்போ கெடுதல் பண்ணும்?"னு கேக்கணும். சிலது நாக்குக்காக போட்டது. சிலது ஆயுசு முழுக்க குடிச்சா வர்ற கெடுதலுக்காக. ஒண்ணு ரெண்டு சில வாரத்துல ஒரு கைக்குழந்தைய கவுத்துடும். ஒண்ணு மட்டும் இன்னிக்கு குடிச்சா நாளைக்கோ நாளான்னைக்கோ ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுடும்.

நாக்குக்காக போட்டதுல பெரிய ஆளு டிடிஎஸ்ஸும் குளோரைடும். உலக சுகாதார நிறுவனம் டிடிஎஸ்க்கு உடம்பு கெடும்ங்கிற அடிப்படையில வரம்பே போடல, 600க்குள்ள இருந்தா ருசியா இருக்கும், 1000 தாண்டுனா வாயில வெக்க முடியாதுன்னு ருசிய வெச்சுத்தான் பேசுது. பிபி, கிட்னி பிரச்சினை உள்ளவங்க உப்புத்தண்ணி பத்தி டாக்டர்ட்ட கேட்டுக்கணும், அது வேற. ஆனா டெல்டா கடலோரத்துல குளோரைடு எண்ணுக்கு இன்னொரு உபயோகம் இருக்கு, அது கடல் எவ்வளவு தூரம் உள்ள வந்திருக்குன்னு காட்டுற எண். கடல் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு சுமார் 19,000 மில்லிகிராம். கணக்கு போட்டுப் பாருங்க, 75 குடம் நல்ல தண்ணியில ஒரே ஒரு குடம் கடல் தண்ணி கலந்தாலே 250 வந்துடும், மொதல் கட்டம் முடிஞ்சு போச்சு. கோடையில போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச நல்ல தண்ணி மட்டம் கீழ போகும், ஆத்துல தண்ணி ஓடி கடைமடைக்கு வந்து மண்ணுக்குள்ள இறங்குனாத்தான் அது திரும்ப நிரம்பும், நிரம்பலைன்னா பக்கத்துல இருக்குற கடல் தண்ணி அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். 2004 சுனாமியில நாகப்பட்டினம் கரையோரக் கிணறுகள்ல கடல் மேல வழியா வந்து இறங்குனதையும் பாத்துருக்கோம். அதனால நம்ம ஊர் குளோரைடு எண்ண வருஷா வருஷம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கிறது நல்லது, ஒரு வருஷத்து எண்ண விட அது ஏறுதா இறங்குதாங்கிறதுதான் விஷயம்.

கடினத்தன்மைய சுருக்கமா சொல்லிடறேன். கால்சியம், மெக்னீசியம் ஜாஸ்தி, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குண்டான் அடியில வெள்ளையா படியும். எரிச்சலான தண்ணிதான், விஷமில்ல.

அடுத்தது ஆயுசு கணக்கு. ஆர்சனிக், ஃபுளோரைடு, பூச்சிமருந்து எல்லாம் இதுல வரும். பூச்சிமருந்து மாதிரி நிறைய ரசாயனத்துக்கு வரம்பு போடுறது எப்படின்னா, எலி மாதிரி பிராணிக்கு தினம் குடுத்துப் பாத்து எந்த அளவு வரைக்கும் ஒரு கெடுதலும் தெரியலையோ அந்த அளவ எடுப்பாங்க. அதை அப்படியே நமக்கு வெக்க மாட்டாங்க. எலி வேற மனுசன் வேற, அதுக்காக பத்தால வகுப்பாங்க, மனுசன்லயும் நோஞ்சான் இருப்பான் வயசானவங்க இருப்பாங்க, அதுக்காக இன்னொரு பத்தால வகுப்பாங்க, ஆக நூறுல ஒரு பங்கு. அப்புறம் 60 கிலோ எடையுள்ள ஆளு தினம் ரெண்டு லிட்டர் தண்ணி குடிக்கிறாருன்னு வெச்சு, அந்த ரசாயனம் சோத்துல காய்ல இருந்தும் வரும்ங்கிறதால தண்ணிக்குன்னு ஒரு பங்க மட்டும் ஒதுக்கி, அதுலேருந்து லிட்டருக்கு இவ்வளவுன்னு வர்ற எண்தான் வரம்பு. அதனால இந்த மாதிரி வரம்ப ஒரு நாள் கொஞ்சம் தாண்டுனா உடனே ஆபத்துன்னு இல்ல, ஆனா வருஷக்கணக்குல தாண்டிட்டே இருந்தா அந்த நூறு மடங்கு காப்பு கரைஞ்சுட்டே போகும். அந்த ரெண்டு லிட்டர் கணக்கையும் கவனிங்க. சித்திரை வெயில்ல களத்துல நிக்கிற நம்ம ஆளு அஞ்சு லிட்டர் குடிப்பாரு. ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் 1.5ன்னு சொல்லிட்டு, உங்க நாட்டுல எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்கன்னு பாத்து நீங்க முடிவு பண்ணிக்குங்கன்னும் சேத்து சொல்றது இதுக்குத்தான்.

இந்த வரம்பு கல்லுல வெட்டுனதும் இல்ல. ஆர்சனிக்குக்கு உலக அளவு 0.05ஆ இருந்துச்சு, 1993ல 0.01க்கு இறக்குனாங்க. இன்னும் கீழ போகலாம்னு ஆசைதான், ஆனா அதுக்குக் கீழ சுத்தம் பண்றதே ரொம்ப இடத்துல கஷ்டம்ங்கிறதால இதை தற்காலிக அளவுன்னே குறிச்சு வெச்சிருக்காங்க. அப்போ வரம்புங்கிறது உடம்பு தாங்குறதும் நம்ம கையால ஆவுறதும் சேந்த ஒண்ணு. ஃபுளோரைடு நம்ம கடைமடையில விட மேல தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பெரிய பிரச்சினை, பல்லு பழுப்பேறி எலும்பு வளையுற அளவுக்கு. அங்க பாறைக்குள்ள இருந்து வர்ற போர் தண்ணிய விட்டுட்டு ஒகேனக்கல்ல காவிரித் தண்ணிய எடுத்து குடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு. அங்க ஃபுளோரைடுக்கு மருந்தா போறதும் இங்க உப்புக்கு மருந்தா வர்றதும் ஒரே ஆத்துத் தண்ணிதான்.

இப்போ நைட்ரேட். இதுக்கு எலி கணக்கு இல்ல, குழந்தைங்க கணக்கு. 1945ல அமெரிக்காவுல அயோவாங்கிற விவசாய மாநிலத்துல ஹண்டர் காம்லின்னு ஒரு டாக்டர், கிணத்துத் தண்ணியில பால் கரைச்சுக் குடுத்த பச்சைக் குழந்தைங்க நீலம் பாரிச்சுப் போறத கவனிச்சு எழுதுனாரு. நைட்ரேட் வயித்துக்குள்ள நைட்ரைட்டா மாறி ரத்தத்துல கலந்து, ரத்தம் ஆக்சிஜன தூக்கிட்டுப் போக முடியாதபடி பண்ணிடும். அதுக்கப்புறம் எந்தெந்தக் கிணத்துல எவ்வளவு நைட்ரேட் இருந்தப்ப இது வந்துச்சுன்னு விவரம் சேத்து, அதுலேருந்துதான் இந்த வரம்பு வந்துச்சு. சில ரிப்போர்ட்ல 10ன்னு இருக்கும் சிலதுல 45ன்னு இருக்கும், குழம்பிடாதீங்க. நைட்ரஜனா எண்ணுனா 10, நைட்ரேட்டா எண்ணுனா 45, ரெண்டும் ஒண்ணுதான். ஆறு மாசத்துக்கு உட்பட்ட, பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் பெரிய ஆபத்து. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்ல. இன்னொண்ணு, காய்ச்சுனா நைட்ரேட் போகாது, தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கெட்டியாகும், குழந்தைக்குன்னு பத்திரமா காய்ச்சுற அம்மாதான் இதுல ஏமாந்து போறாங்க.

நைட்ரேட்னதும் எல்லாரும் யூரியாவ சொல்லுவாங்க. யூரியாவும் காரணம்தான், ஆனா தண்ணி கட்டி நிக்கிற நெல்லு வயல்ல சேத்துக்குள்ள காத்து இருக்காது, அங்க இருக்குற நுண்ணுயிரிகள் நைட்ரேட்ல கணிசமானத நைட்ரஜன் வாயுவா மாத்தி வெளிய விட்டுடும். அதனால சம்பா வயலுக்கு நடுவுல இருக்குற ஊர்ல ஒரே ஒரு அடிபம்புல மட்டும் நைட்ரேட் ஏறியிருந்தா நான் மொதல்ல வயல பாக்க மாட்டேன், அடிபம்புக்குப் பக்கத்துல மாட்டுக் கொட்டகை எங்க இருக்கு, அடி பூசாம வெறும் உறைய இறக்கி கட்டுன கக்கூஸ் குழி எத்தனை அடி தூரத்துல இருக்குன்னு பாப்பேன்.

கடைசியா கிருமி. இதுக்கு வரம்பு ஒரே வரிதான்: 100 மில்லி தண்ணியில ஈ.கோலி இருக்கவே கூடாது. 100 மில்லின்னா ஒரு டீ டம்ளர் அளவு. ஈ.கோலியில முக்காவாசி வகை நம்ம குடல்லயே சாதுவா இருக்குறதுதான், ஆனா அது தண்ணியில இருந்தா மலம் கலந்திருக்குன்னு அர்த்தம், மலம் கலந்தா காலரா, டைபாய்டு, மஞ்சக்காமாலை எல்லாத்துக்கும் கதவு தொறந்தாச்சு. 2022 ஜூலையில காரைக்கால்ல வயித்துப்போக்கும் காலராவும் பரவி பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்களே, அது ஆயிரத்து எண்ணூறுகள்ல நடந்த கதையில்ல, நேத்து நடந்தது, நம்ம பக்கத்து ஊர்ல.

இதுக்கு காவல் குளோரின். கொள்ளிடத்து மணல்ல கிணறு இறக்கி எடுக்குறப்ப மணலே ஓரளவு வடிகட்டிடும், அப்புறம் குளோரின் போட்டு பல மைல் தூரம் பைப்புல வருது. வர்ற வழியெல்லாம் குளோரின் கரைஞ்சுட்டே வரும், கடைசி குழாய்க்கு வர்றப்ப லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். 30,000 லிட்டர் ஊர் டேங்குக்கு ஒரு மில்லிகிராம் வீதம் போடணும்னா 30 கிராம் குளோரின், நல்ல பிளீச்சிங் பவுடர்ல சுமார் நூறு கிராம். தொறந்து கெடந்து கட்டி தட்டுன பவுடர்னா பாதி சக்தி போயிருக்கும், அதே நூறு கிராம் பத்தாது. பவுடர் போட்டு அரை மணி நேரமாவது விட்டுத்தான் தண்ணி தொறக்கணும். ஆனா ஊர்ல என்ன நடக்குது, மருந்து வாடை அடிக்குதுன்னு நாலு பேர் சண்டை போட்டா டேங்க் ஆபரேட்டர் அடுத்த நாள் போடாமலே விட்டுடுவாரு. அந்த வாடைக்கு பயப்படாதீங்க. குளோரினுக்கு உடம்பு சார்ந்த வரம்பா உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5 மில்லிகிராம், நாம கேக்குறது 0.2. குளோரினால புத்துநோய் வரும்னு வாட்ஸ்அப்ல வருது, உபபொருட்கள் கொஞ்சம் உண்டாகுறது உண்மைதான், அதுக்கும் தனி வரம்பு இருக்கு, ஆனா அதுக்கு பயந்து கிருமிய விட்டுடக் கூடாதுன்னு அவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க. மண்பானையில ஊத்தி ஒரு ராத்திரி வெச்சா வாடை போயிடும்.

அப்புறம் நம்ம கடைமடை ஊருங்களுக்கே உரிய ஒரு விஷயம், குழாய்க் குழி. பிரஷர் பத்தாதுன்னு வாசல்ல ரெண்டு மூணு அடி பள்ளம் தோண்டி, பைப்ப அதுக்குள்ள வெட்டி, குடத்த உள்ள இறக்கி பிடிப்போம். தண்ணி வராத நேரத்துல பைப்புக்குள்ள வெறுமையா இருக்கும், ஐப்பசி மழையில அந்தக் குழி நிரம்பி, கோழி எச்சம், சாக்கடை எல்லாம் சேந்து, தொறந்து கெடக்குற பைப்பு வழியா உள்ள போகும். பக்கத்து வீட்ல மோட்டார வெச்சு உறிஞ்சுனா கேக்கவே வேணாம், அந்த இழுவைக்கு குழித் தண்ணியும் சேந்து ஓடும். டேங்க்ல எவ்வளவு சுத்தமா இருந்தாலும் இந்த கடைசி மூணு அடியில எல்லாம் போயிடும்.

இப்போ ஒரு உதாரண ரிப்போர்ட் எடுத்துக்குவோம். டிடிஎஸ் 1150, குளோரைடு 400, கடினத்தன்மை 420, ஃபுளோரைடு 0.5, நைட்ரேட் 60, ஈ.கோலி இருக்கு. மெஷின் விக்கிறவர் கண்ணு மொத எண்லயே நின்னுடும். நான் கடைசியிலேருந்து படிப்பேன். ஈ.கோலி இருக்கா, இன்னிக்கு ராத்திரிலேருந்தே தண்ணி கொதிச்சு ஒரு நிமிஷம் பொங்கணும், அப்புறம்தான் குடிக்கணும். நைட்ரேட் 60, வீட்ல பவுடர் பால் குடிக்கிற குழந்தை இருக்கா, இருந்தா அந்த அடிபம்பு தண்ணிய குழந்தைக்கு அறவே தொடாதீங்க, காய்ச்சியும் குடுக்காதீங்க, கொள்ளிடத் தண்ணிய காய்ச்சி ஆத்திக் குடுங்க. நைட்ரேட்டும் ஈ.கோலியும் ஜோடியா வந்திருந்தா பக்கத்துல கழிவுக் குழி கசியுதுன்னு பலமா சந்தேகப்படலாம். ஃபுளோரைடு நல்லா இருக்கு, விட்டுடலாம். டிடிஎஸ், குளோரைடு, கடினத்தன்மை மூணும் ருசிக்கும் பருப்புக்கும் கஷ்டம், நோட்டுல எழுதி வெச்சுக்கலாம். ஆர்ஓ நைட்ரேட்டையும் உப்பையும் எடுக்கும், அதை மறுக்கல, ஆனா ஒரு லிட்டர் குடுக்க ரெண்டு மூணு லிட்டர வெளிய தள்ளும், அதனால என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கலாம்.

டெஸ்ட் எடுக்குறது நினைக்கிற அளவுக்கு கஷ்டமில்ல. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல லேப் இருக்கு, கட்டணம் கட்டி பொதுமக்களும் குடுக்கலாம். ரசாயன டெஸ்ட்டுக்கு சுத்தமான பாட்டில் போதும், அதே தண்ணியால ரெண்டு மூணு தடவை அலசிட்டு பிடிக்கணும். கிருமி டெஸ்ட்டுக்கு லேப்ல குடுக்குற கிருமி நீக்குன பாட்டில்தான் வேணும், அதுக்குள்ள குளோரின முறிக்க மருந்து போட்டிருப்பாங்க, அதனால அலசக் கூடாது, பிடிச்ச தண்ணிய ஐஸ்ல வெச்சு அன்னிக்கே கொண்டு போயிடணும்.

அத்தைகிட்ட இதையெல்லாம் ஒரே போன்ல சொல்ல முடியல, அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்ல போனேன். மெஷின் கார்ட சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்தாங்க. வாசக் குழிய ரெண்டு பேரும் சேந்து சுத்தம் பண்ணி, சுத்தி செங்கல் வெச்சு மழைத்தண்ணி இறங்காம மேடு கட்டி, பைப்பு வாய்க்கு ஒரு மூடி வாங்கிப் போட்டோம். குழிய மூடிட்டு குழாய தரைக்கு மேல தூக்கலாம்னு பாத்தா தண்ணி ஏறல. தெரு மோட்டாருங்கள நிறுத்துனா ஏறும்னு பக்கத்து வீட்டுப் பெரியப்பா சொன்னாரு, அவர் வீட்லயும் ஒரு மோட்டார் இருக்கு. ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள தெருவுல எல்லாரையும் உக்கார வெச்சு பேசணும்னு அத்தை சொல்லியிருக்காங்க, அதுக்கு நானும் போறேன்.